நாலு கோடுகள்

— மாத்த மாட்டேன் தம்பி. வேற யாரையாவது பாத்துக்குங்க.

— என்ன பாய் இப்படிச் சொல்றீங்க? தஞ்சாவூர்ல ஆட்டோமேட்டிக் கியர் பெட்டின்னா அப்சர் பாய்தான்னு கேட்டு, வலங்கைமான்லேருந்து ஓட்டிட்டு வந்திருக்கேன். ஒரு ஆயில் மாத்துறதுக்கு இவ்வளவு யோசனையா?

— மீட்டர்ல எவ்வளவு ஓடியிருக்கு?

— ஒரு லட்சத்துத் தொண்ணூத்தி ரெண்டாயிரம்.

— எட்டு வருசத்துல ஒரு தடவைகூட கியர் ஆயில் மாத்தலைன்னு நீங்கதான சொன்னீங்க.

— வாங்குறப்பவே சொல்லிட்டாங்க பாய். ஆயுசுக்கும் மாத்த வேண்டாம், தொறக்கவே கூடாதுன்னு. நானும் மஸ்கட்லேருந்து போன் போடுறப்பல்லாம் வீட்ல சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். அந்தப் பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு.

— யாரோட ஆயுசுன்னு கேட்டீங்களா? வண்டியோடதா, வித்தவரோடதா?

— சிரிக்காதீங்க பாய்.

— சிரிக்கலை. பொறுமையா கேளுங்க. உள்ள கிளட்ச் தட்டு இருக்கு. தேஞ்ச துகளெல்லாம் அந்த ஆயில்லதான் கலந்து கிடக்கும். இத்தனை வருசம் போனப்புறம் அந்த அழுக்குதான் தேஞ்ச தட்டைப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கும். இப்பப் போய் புதுசு ஊத்தினா வழுக்கும். நாப்பதாயிரம் கிலோமீட்டர்ல வந்திருந்தா நானே கூப்பிட்டு மாத்தியிருப்பேன்.

— நாலு மணிக்குக் கும்பகோணத்துலேருந்து ஒருத்தர் வண்டி பாக்க வர்றாரு. ஆயில் அளவு பாக்குற குச்சி, அந்த டிப் ஸ்டிக்கை உருவிப் பாப்பாரு. கருப்பா இருந்தா அப்படியே நடையைக் கட்டிடுவாரு.

— ஓ. விக்கிறதுக்கா?

— வேற வழியில்லை பாய். அப்பாவுக்கு வாரம் மூணு நாள் இங்கதான் டயாலிசிஸ். என் சம்சாரம் ஈஸ்வரிதான் கூட்டிட்டு வர்றா. அடுத்த மாசம் நான் திரும்ப மஸ்கட் போயிடுவேன். பாதி வழியில இது நின்னுட்டா, அந்த மனுசனை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?

— அதே பாதி வழியில அந்தக் கும்பகோணத்துக்காரர் நிக்கலாமா? அவர் வீட்டுலயும் சீக்காளி இருக்கலாம். அது இருக்கட்டும், உங்க சம்சாரம் என்ன சொல்றாங்க?

— விக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஏன்னு கேட்டா, ‘வண்டி நல்லாத்தான் இருக்கு’ன்னு அதையே சொல்றா. எப்படித் தெரியும்னு கேட்டா அடுப்படிக்குப் போயிடறா. ரெண்டு நாளா பேச்சும் இல்லை.

— போன்லயாவது பேசுவாங்களா?

— நான் பேசுவேன். அவ கேட்டுக்கிட்டிருப்பா. நான் செய்யறது எதுவும் அவளுக்குப் பிடிக்கிறதில்லை பாய். கல்யாணமான புதுசுல நகத்துக்குப் போடற பாலிஷ் வேணும்னு ஆசையா கேட்டா. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவுல வர்றப்பல்லாம் கலர் பாத்துப் பாத்து ஒரு பாட்டில் வாங்கிட்டு வர்றேன். இன்னைக்கு வரைக்கும் அவ விரல்ல பாத்ததில்லை.

— சரி, வண்டில உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு கியரா போடுங்க. பேசாதீங்க.

— …

— …

— பாய்?

— காதால பாத்துக்கிட்டிருக்கேன். ரிவர்ஸ் போடுங்க.

— போட்டாச்சு.

— இடிக்கலையே! திரும்ப டிரைவ்ல போடுங்க. … ம்ஹூம். வெண்ணெய் மாதிரி விழுது.

— நல்லதுதான?

— பொறுங்க. டிப் ஸ்டிக்கை இந்த வெள்ளைத் துணியில தொடைக்கிறேன். … தம்பி, எறங்கி வாங்க.

— என்ன பாய்?

— பாருங்க. மாதுளம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்கு. மோந்து பாருங்க, கருகின வாசனை துளிகூட இல்லை. இதுவா எட்டு வருசத்து ஆயில்? எங்கிட்ட எதுக்குத் தம்பி பொய்?

— அப்பா மேல சத்தியமா நான் மாத்தலை பாய்!

— யாரோ மாத்தியிருக்காங்க. அதுவும் தெரிஞ்ச ஆளு. இந்த ரகம் உங்க பக்கம் கிடைக்காது, திருச்சியில சொல்லி வச்சு வரவழைக்கணும். உங்க ஊர்ல யாரு வண்டி பாக்குறது?

— டிராக்டர் பாக்குற குணசேகரன்தான். இருங்க, போன் போடுறேன்.

— ஸ்பீக்கர்ல போடுங்க.

— ராஜ்குமார் அண்ணே! சொல்லுங்கண்ணே.

— டேய் குணா, என் வண்டிக்குக் கியர் ஆயில் மாத்தினியா?

— ஐயய்யோ, நான் இல்லண்ணே. எனக்கு அந்தப் பெட்டியெல்லாம் தெரியாது.

— பின்ன யாரு?

— … அண்ணே, அண்ணிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.

— எந்த அண்ணிக்கு?

— உங்க வீட்ல வேற யாருண்ணே அண்ணி?

— தம்பி குணசேகரன், நான் தஞ்சாவூர் மெக்கானிக் அப்சர் பேசறேன். அவங்க எப்படி மாத்தினாங்க? அதை மட்டும் சொல்லுங்க.

— பதினேழாம் நம்பர் ஸ்பானரை எங்கிட்ட வாங்கிட்டுப் போவாங்க பாய். நெல்லு காயப் போடாத நாளாப் பாத்து வண்டியக் களத்துக்குக் கொண்டுபோவாங்க. ஒரு சொம்புத் தண்ணியத் தரையில ஊத்துவாங்க. எந்தப் பக்கமும் ஓடாம நின்ன இடத்துலதான் வண்டிய நிறுத்துவாங்க. வண்டி சாஞ்சா ஆயில் குச்சி பொய் சொல்லுமாம்.

— மாஷா அல்லாஹ். அப்புறம்?

— நாலு டயருக்கும் சமமா பலகை அடுக்கி ஏத்திக்குவாங்க. அண்ணனோட பழைய சட்டைய மாட்டிக்கிட்டு அடியில படுத்துடுவாங்க. வடிஞ்சதை அளந்து, அதே அளவு புதுசு ஊத்துவாங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை. மறுநாள் ஸ்பானரைத் தொடச்சு, கழுவிக் குடுப்பாங்க. நான் குடுத்தப்போ இருந்த அழுக்குகூட இருக்காது.

— ஒரேயடியா கழுவி விடாம, கொஞ்சம் கொஞ்சமா… ஷார்ஜால இந்த ஒரு விஷயத்தைக் கத்துக்க எனக்கு ஆறு வருசம் ஆச்சு தம்பி. ரெண்டு கியர் பெட்டியக் கெடுத்த பிறகுதான் புத்தி வந்துச்சு. இவங்க களத்து மேட்டுல உக்காந்து கத்துக்கிட்டிருக்காங்க.

— எங்கிட்ட ஏன்டா சொல்லலை?

— நானும் கேட்டேண்ணே. ‘தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவு தூரத்துல இருக்கறவருக்கு, அவர் சொன்னபடி இங்க நடக்குதுன்னு ஒரு நெனப்பு இருந்துட்டுப் போகட்டும்’னாங்க. அண்ணே… வச்சிடவா?

— வச்சிடு.

— தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?

— வேணாம் பாய்.

— வண்டிய லிஃப்ட்ல ஏத்தறேன். இந்தக் கைவேலைய நான் பாக்கணும். … சுபஹானல்லாஹ்! போல்ட் முனை ஒண்ணுகூட மழுங்கலை. வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டிருக்காங்க. என் கடையில இருக்கற பயலுகளைக் கூப்பிட்டுக் காட்டணும்.

— நான் அவகிட்ட வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன் பாய். முந்தாநேத்து. அப்பா எதிர்ல.

— என்ன சொன்னாங்க?

— சாவிய எடுத்து மேஜை மேல வச்சுட்டு உள்ள போயிட்டா.

— ம்ம். … அட, இதைப் பாருங்க.

— எதை?

— போல்ட்டுக்கும் ஆயில் நிக்கிற அடித்தட்டுக்கும் சேத்து ஒரு கோடு. போல்ட் தளந்தா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும். ஷார்ஜால நாங்க பெயின்ட் பேனாவால போடுவோம். இங்க நாலு கோடு, பக்கத்துப் பக்கத்துல. ஒவ்வொரு தடவை மாத்துறப்பவும் ஒண்ணு போட்டிருக்காங்க. நாப்பதாயிரத்துக்கு ஒருக்கன்னா கணக்கு சரியா வருது. ஆனா இது பெயின்ட் இல்லையே. இவ்வளவு வருசம் சேறும் தண்ணியும் பட்டு உரியவே இல்லை. நாலும் நாலு கலரு வேற. முதல்ல செவப்பு, அப்புறம் ரோஸு, அப்புறம் ஏதோ காப்பிக் கலரு. கடைசியா ஊதா, உள்ள ஜிகினா மாதிரி மினுங்குது. எங்கேருந்துதான் புடிச்சாங்களோ!

— பாய்… அந்தக் கும்பகோணத்துக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லணும். அந்த நாலு பாட்டிலும் நான் வாங்கிட்டு வந்தது.