உப்பில்லாக் கஞ்சி

எங்கள் சமையலறையில் இருந்த உப்புச் சாடி பழுப்பா வெள்ளையா என்பது இப்போது எனக்கு நிச்சயமாக இல்லை. தினமும் அதை எடுத்து ஒளித்து வைத்தவள் நான்தான். அப்படியும் மறந்துவிட்டது. மற்றவற்றையும் சரியாகத்தான் சொல்கிறேனா என்ற சந்தேகத்தோடேயே கேளுங்கள்.

அப்போது பொன்னேரியில் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படித்தேன். வார்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும். சாப்பிட நேரம் கிடைக்கும்போது கேன்டீனில் பரோட்டாதான் மிஞ்சியிருக்கும். முதல் ஆண்டில் தைத்த சீருடை இடுப்பைப் பிடித்தது. நோயாளிக்கு உணவைப் பற்றிச் சொல்லப் போகிறவள் இப்படி இருக்கக் கூடாது என்று விடிந்ததும் எங்கள் மீனவ ஊரின் ஏரிக்கரைச் சாலையில் ஓடினேன். கருவாடு காயவைக்கும் பெண்கள், "இன்னா ருக்கு, எந்த பஸ்ஸ வுட்டுட்டு இப்டி ஓடற?" என்று சிரிப்பார்கள். முளைகட்டிய பயறு சாப்பிட்டால் நைனா தட்டை எட்டிப் பார்ப்பார்.

"இன்னாடி இது, கோழித் தீனியா?"

எனக்கென்று தனியாகச் சமைக்க அம்மா ஒப்பவில்லை. குவித்த சோறு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, கருவாடு. தின்றேன், ஓடினேன். எடை இறங்கவில்லை. அந்த எரிச்சலை யாரிடம் சொன்னாலும் அற்பமாகத்தான் தெரியும்.

பிறகு ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் நைனாவுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், நீர் பிரியும் மாத்திரையில் தினமும் பாதி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அன்றோடு அடுப்படி என் கைக்கு வந்தது, தினமும் அவருக்கு அழுத்தம் பார்ப்பதும்.

குறைக்கச் சொன்னார், நான் நிறுத்தினேன். பாதி மாத்திரை மெதுவாக வேலை செய்தது, முழுதாகக் கொடுத்தேன். சாராயத்தை விடச் சொன்னேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். வெளியில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று அதை வீட்டோடு வைத்துக்கொண்டார்.

"ஏரியே உப்பு, நான் மட்டும் சப்புனு இருக்கணுமா?" என்பார். ஆனாலும் சாப்பிடுவார். எம்பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று கரையில் பேசுவாராம்.

ஒரே சமையல் என்பதால் எல்லோருக்கும் என் சாப்பாடுதான். என் சீருடை தளர்ந்தது. வார்டில் சிஸ்டர், "இளைச்சிட்டியே, நல்லாருக்கு" என்றார்.

நைனாவுக்குத் தலை வலித்தது, குமட்டியது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வெயிலில் நின்று வலை இழுக்கிறவர். வியர்வையோடு உடம்பிலிருந்து என்ன போகிறது என்பதை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தினார்கள். கவனித்துத்தான் கேட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை என்னைச் செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தத்தில் உப்பு இறங்கினால் புத்தி தடுமாறும் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் கஞ்சிக்கு முன் உட்கார்ந்து, "ஒரு சிட்டிகை போடுடி" என்றார். போட்டால் கொஞ்சம் தெளிந்திருப்பார். பாத்தியா, உப்பு இல்லாம மனுசன் இருக்க முடியுமா என்று வீடே பேசும். சாடி பழைய இடத்துக்கு வரும், அதன் பின்னால் கருவாடும் வரும். "வேணாம் நைனா" என்றேன். உப்பில்லாமலே குடித்துவிட்டுப் போனார்.

அன்று எங்கள் பாடு. யார் எந்த நாளில் ஏரியில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் வகுத்த முறைக்கு அதுதான் பெயர். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். உடம்பு எப்படி இருந்தாலும் அவர் போவார் என்று எனக்குத் தெரியும்.

மதியம் நாகப்பன் மாமா ஆள் அனுப்பினார். நைனாவோடு ஒரே பாடு நாளில் வலை போடுகிறவர். கரையில் படகு நிழலில் நைனா கிடந்தார். குறட்டை மாதிரி மூச்சு.

"பாடு நாள்ல ஊத்திக்கினு வந்துகிறான் உங்கொப்பன்" என்றார் மாமா. "வலையத் தலகீழா வுடறான், கேட்டா ஒளர்றான். தெளியட்டும்னு வுட்டுடலாமா, இல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாமா? நீ நர்சுக்குப் படிக்கிறவ, சொல்லு."

குனிந்து முகர்ந்தேன். சாராய வாடை இல்லை. இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். என்ன மாத்திரை, எவ்வளவு, யார் கொடுத்தது என்று கேட்பார்கள். டாக்டர் சொன்ன அளவைத் தானாக மாற்றிய மாணவியைப் படிப்பில் வைத்திருக்க மாட்டார்கள்.

"குடிதான் மாமா. தூங்கட்டும்" என்றேன்.

மாமா தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார். வீட்டுக்குப் போய் அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்து நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெகுநேரம் ஈரத் துண்டை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டேன். வெயில் சாயும்போது வலிப்பு வந்தது. பிறகு நின்றது. மூச்சும் நின்றது.

நைனாவைக் குடித்துச் செத்தவர் என்றுதான் ஊர் அடக்கம் செய்தது. நாகப்பன் மாமா இப்போதும் பாடு நாளில் வலைக்குப் போகிறார். அன்று மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தையில் இருந்த அம்மா, இப்போது சுண்ணாம்புக்குளத்தில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். பெற்ற மகள் தலையில் செய்த சத்தியத்தை மீறினார் என்று அவரை இன்னும் திட்டுகிறாள். நான் தேர்ச்சி பெற்று ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். காலையில் ஓடுகிறேன், சீருடையின் அளவு மாறவில்லை. நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

கரையில் நைனாவுக்கு அழுத்தம் பார்த்தேன் என்றேன் அல்லவா. நூற்றிருபதுக்கு எண்பது. முகாமுக்குப் பிறகு ஒரு நாளும் அவருக்கு அவ்வளவு சரியாக இருந்ததில்லை.