நாற்பதாவது நொடி

— "...சன்னலோரம் விரிவுரையாளர் தோர்ஸ்தைன். அவருக்கு எதிரே, வெப்பக்குழாயை ஒட்டிய நாற்காலியில் மூன்றாமாண்டு மாணவி ஆஷில்ட். கதவோர மேசையில், குறிப்பெழுதுவதற்காக, துறை அலுவலர் ராக்னா." இதுவரைக்கும் எழுதியாச்சு. நவம்பர் பதினேழு, மணி ஒண்ணு பத்து. சரிதானே?

— ராக்னா, மூணு பேர் சேர்ந்து ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதப் போறோம். யார் எங்க உக்காந்தாங்கங்கிறதெல்லாம் எதுக்கு?

— நாளைக்கு ஒருத்தர் வந்து கேப்பார், தோர்ஸ்தைன். அன்னைக்கு அந்த அறையில யார் இருந்தது, யார் என்ன சொன்னதுன்னு. அப்ப நீங்க சன்னலுக்கு வெளிய பாப்பீங்க. நான் தாளைப் பாப்பேன். ஆஷில்ட், அந்தக் கோட்டைக் கழட்டேன் கண்ணு. குழாய் பக்கத்துல உக்காந்து வேகாதே.

— பரவாயில்ல, ராக்னா. இருக்கட்டும்.

— உன் இஷ்டம். முதல்ல வந்த கடிதத்தைப் படிச்சிடறேன். ஆளுக்கொரு விதமா ஞாபகம் வச்சிக்கிட்டுப் பேசறதைவிட, மூணு பேரும் ஒண்ணாக் கேட்டுடலாம். "பல்கலைக்கழக வானொலித் துறைக்கு. போன ஞாயிறு உங்கள் மாணவர் வானொலியில் ஆஷில்டின் நிகழ்ச்சியைக் கேட்டேன். என் கணவர் ஹல்வார்ட் இறந்துபோன கப்பல் தீவிபத்தைப் பற்றியது. நன்றாகச் செய்திருக்கிறாள். என்னையும் அழவைக்காமல் பேசவைத்தாள். ஒரே ஒரு சந்தேகம். பேச்சு நிற்கிற இடங்களில் பின்னால் ஒரு ஆண்குரல் மிக மெதுவாக ஏதோ சொல்கிறது. நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து வைத்திருந்ததால் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். ஒவ்வொரு நிமிடமும் நாற்பதாவது நொடி வாக்கில் வருகிறது. பல இடங்களில் பேச்சு அதை மூடிவிடுகிறது. எனக்குக் கேட்டது பதினோரு இடம். அதே குரல், அதே சொற்கள். நிகழ்ச்சியில் பேசிய, அவருடைய கப்பல் தோழர் ஒட்மாரின் குரல் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. உங்களிடம் நல்ல கருவிகள் இருக்கும். கேட்டு எழுதுங்கள். குன்வோர்." அவ்வளவுதான்.

— ம்.

— இதே நிகழ்ச்சியைத் தேர்வுக்குழுவுல நாலு பேர் உக்காந்து கேட்டீங்க. எட்டுக் காது. துறையிலேயே உயர்ந்த மதிப்பெண் குடுத்தீங்க. அந்தம்மா சமையல்கட்டுல ஒரு பழைய பெட்டியை வச்சிக்கிட்டுக் கேட்டிருக்காங்க.

— குத்திக்காட்டாதீங்க. நானே ஒலிக்கூடத்துல ரெண்டு தடவை கேட்டேன். நாங்க கதையைக் கேட்டோம். அடியில கிடக்கிற ஓசையை யார் கேப்பா? யாரும் கவனிக்கக் கூடாதுன்னுதானே அதைப் போடறதே.

— எது அடியில கிடக்கும்? குறிப்புல நான் அப்படி எழுத முடியாது. வெளியாள் படிச்சாலும் புரியணும். ஆஷில்ட், நீ சொல்லு, எழுதிக்கிறேன்.

— நான்...

— அவளை விடுங்க. நான் சொல்றேன். எழுதுங்க. "வெளியிடத்தில் பேட்டி எடுத்தால், முடிந்த பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த அறையின் ஓசையை மட்டும் தனியாகப் பதிவது எங்கள் தொழிலின் வழக்கம். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்கள் காதுக்குத் தட்டாமலிருக்க, அந்த ஓசையை நிகழ்ச்சிக்கு அடியில் விரித்துவிடுவோம். ஒரு நிமிடப் பதிவையே நகலெடுத்து வரிசையாக அடுக்குவதுண்டு. ஒட்மாரின் வீட்டில் பேட்டி முடிந்ததும் மாணவி அவரிடம், ஒரு நிமிடம் அசையாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். தனக்கு இருமல் இருந்ததால், ஓடிக்கொண்டிருந்த பதிவுக்கருவியை மேசைமேல் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றார்."

— "வாசலுக்குப் போய் நின்றார்." ம், மேல.

— "அப்போது ஒட்மார் தனக்குத்தானே சில சொற்கள் பேசினார். மாணவி அந்தப் பதிவின் முதல் சில நொடிகளை மட்டும் கேட்டுவிட்டு, முழுவதும் கேட்காமலே இருபத்தெட்டு முறை அடுக்கிவிட்டார்." இது வருஷத்துக்கு ஒருத்தர் பண்ற தப்பு, ராக்னா. போன வருஷம் ஒருத்தன் அடுக்கினதுல ஒரே நாய் பத்தொன்பது தடவை தும்மிச்சு. கேண்டீன்ல ஒரு மாசம் எல்லாரும் அவனைப் பாத்துத் தும்மினாங்க.

— இதுல தும்மறதுக்கு ஒண்ணும் இல்ல போலிருக்கே. அப்படித்தானா ஆஷில்ட், அவர் சொன்னபடிதானா?

— எழுதிக்கோங்க.

— சரி. அந்த மனுஷன் என்னதான் சொல்றார்? ரெண்டு நாளா நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசறீங்க. எங்கிட்ட யாரும் சொல்லல.

— நேத்துப் பெரிய ஒலிபெருக்கியில போட்டுக் கேட்டோம். மூணே சொல்லு.

— என்னன்னு?

— நீ சொல்றியா, ஆஷில்ட்?

— "தட்டினான். கேட்டுச்சு. இழுத்துட்டேன்."

— ...எனக்குப் புரியல.

— இங்க பாருங்க, ராக்னா. இயந்திர அறையில தீப்பிடிச்சா கதவை இறுக்கி மூடிட்டு, வெளியிலிருந்து ஒரு கைப்பிடியை இழுத்து வாயுவைத் திறந்துவிடணும். அந்த வாயு தீயை அணைச்சிடும். உள்ள ஆள் இருந்தா ஆளையும். உள்ள ஹல்வார்ட் இருந்தார். கைப்பிடிகிட்ட ஒட்மார். மேல இன்னும் ஆறு பேர். விசாரணையில எல்லாரும் சொன்னது, கதவை மூடறதுக்கு முன்னாடியே ஹல்வார்ட் புகையில விழுந்துட்டார், அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு.

— தட்டியிருக்கார்.

— தட்டியிருக்கார்.

— கடவுளே. எட்டு வருஷம். ஒட்மாரும் குன்வோர் இருக்கிற அதே தீவுலதானே இருக்கார்?

— நாலு வீடு தள்ளி. ஒவ்வொரு இலையுதிர்காலமும் குன்வோருக்கு விறகு பிளந்து அடுக்கறது அவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவங்க வீட்டுலதான் சாப்பிடறார். அதெல்லாம் நிகழ்ச்சியிலேயே வருது. இப்ப இந்த மூணு சொல்லை ஒரு உறையில போட்டு அனுப்பினா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

— நான் சொல்லமாட்டேன். நான் எழுதறவ. ஆஷில்ட் ஏதோ சொல்ல வர்றா.

— அவங்க கேக்கிறாங்களே, தோர்ஸ்தைன். கேக்காதவங்ககிட்டக் கொண்டுபோய்ச் சொல்லலையே நாம.

— என்ன கேக்கிறோம்னு தெரியாம கேக்கிறாங்க.

— தெரியும் அவங்களுக்கு. கருவியை அணைச்சப்புறம் எங்கிட்டச் சொன்னாங்க. "எட்டு வருஷமா இந்தத் தீவுல எல்லாரும் எங்கிட்ட ஒரே வாக்கியத்தைத்தான் சொல்றாங்க, ஒரு எழுத்து மாறாம. பாதிரியார், கப்பல்காரர், ஒட்மார், எல்லாரும். புகையில விழுந்துட்டார், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உண்மையா இருந்தா ஆளுக்கொரு விதமா வரும்மா. யாரோ எழுதிக் குடுத்ததுதான் அச்சா வரும்"னு. அதைச் சொல்லிட்டு எனக்கு இன்னொரு கப் காபி ஊத்தினாங்க.

— இதை நீ நிகழ்ச்சியில போடல.

— போடாதேன்னாங்க. போடல.

— அதான் ஒழுங்கு. அதே ஒழுங்கு ஒட்மாருக்கும் உண்டா இல்லையா? முதல் வருஷம் முதல் நாள் நான் சொன்னது என்ன? நம்மளை நம்பிப் பேசினவனை நாம காட்டிக்குடுக்கறதில்ல. அவர் பேட்டியில சொல்லல இதை. ஆளில்லாத அறையில சொன்னார்.

— ஓடிக்கிட்டிருந்த கருவி முன்னாடி சொன்னார். சிவப்பு விளக்கு எரியறதைப் பாத்துக்கிட்டே. நான் திரும்பி வந்தப்ப ரெண்டு கையையும் மேசைமேல விரிச்சு வச்சிருந்தார். "வாஃபிள் அப்பம் ஆறிப்போச்சு, எடுத்துக்கோ"ன்னார்.

— விளக்கைப் பாத்தாரோ சுவரைப் பாத்தாரோ, அது உனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசாத.

— சண்டை வேண்டாம். ஒரு வழி இருக்கு, கேளுங்க. "அது ஒரு மனிதக் குரல்தான், ஒளிபரப்புக்கு உரியதல்ல, அதில் உள்ளதை வெளியிட எங்களுக்கு உரிமையில்லை"ன்னு எழுதினா? பொய்யும் இல்ல, காட்டிக்குடுத்ததும் இல்ல.

— அதைப் படிச்ச மறு நிமிஷம் அவங்க ஒட்மார் வீட்டுக்கு நடந்து போயிருப்பாங்க, ராக்னா. நாலு வீடுதான்.

— அதுவும் சரிதான். அப்ப அவரையே கேட்டிருக்கணும்.

— கேட்டேன். காலையில பத்தேமுக்காலுக்குப் போன் பண்ணினேன். இதையும் குறிப்புல போட்டுக்கோங்க. நடந்ததைச் சொன்னேன். அவர், நிகழ்ச்சியில எத்தனை இடத்துல குன்வோருக்குக் கேட்டுச்சுன்னு கேட்டார். பதினொண்ணுன்னேன். சொல்லு விளங்கிச்சான்னு கேட்டார். இல்லைன்னேன். குளிர்ப்பெட்டின்னு எழுதிடுங்க, எங்க வீட்டுக் குளிர்ப்பெட்டி சத்தம் போடும்னு அவளுக்குத் தெரியும்னார்.

— அவரே சொன்னாரா? குளிர்ப்பெட்டின்னு?

— அவரே சொன்னார், ஆஷில்ட். சொல்லிட்டுப் போனை வைக்கல. மூச்சு கேட்டுக்கிட்டே இருந்தது. நான்தான் வச்சேன். பார், இது உன் பட்டத்துக்காக நான் சொல்றதில்ல. பட்டமும் இருக்கு, மறுக்கல. உண்மையை எழுதினா நாளைக்கே நிர்வாகத்துக்குப் போகும், அடுத்த வாரம் போலீசுக்குப் போகும். உன் நிகழ்ச்சியைத் திரும்பப் பெறுவாங்க. ஆனா அதை விடு. அவர் கேட்டுக்கிட்டார். தன் வாயால கேட்டுக்கிட்டார்.

— அப்ப குன்வோருக்கு வர்ற ஒன்பதாவது வருஷ வாக்கியம் இதுதான். நம்ம முத்திரையோட.

— ஆமா. அப்படித்தான் வச்சுக்கோயேன்.

— என் கையெழுத்தும் வேணுமா அதுல?

— உன் பேருக்குத்தான் அவங்க நம்பி எழுதியிருக்காங்க. என் கையெழுத்தை மட்டும் பாத்தா சந்தேகம் வரும்.

— ...சரி. அவர் கேட்டுக்கிட்டார்னா போடறேன்.

— அப்ப சொல்லுங்க, எழுதறேன். தபால் வண்டி ரெண்டரைக்கு வந்துடும்.

— "அன்புள்ள குன்வோர் அவர்களுக்கு. தங்கள் கடிதத்துக்கு நன்றி. நீங்கள் குறிப்பிட்ட இடங்களைத் துறையின் கருவிகளில் கவனமாகக் கேட்டோம். அது ஒட்மாரின் சமையலறையிலிருந்த குளிர்ப்பெட்டியின் ஓசை. ஒரு நிமிடப் பதிவை நாங்கள் திரும்பத் திரும்ப அடுக்குவதால், அந்த ஓசையும் ஒவ்வொரு நிமிடமும் ஒரே இடத்தில் வந்திருக்கிறது. இயந்திர ஓசை மிக மெல்லியதாக இருக்கும்போது காது அதைப் பேச்சாக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நேர்வதே."

— "எல்லோருக்கும் நேர்வதே." இந்த வரி வேணுமா? அந்தம்மா காதைக் குறை சொல்ற மாதிரி இருக்கு.

— இருக்கட்டும். இல்லைன்னா நம்பமாட்டாங்க. "இந்தக் குறை மாணவியின் கவனக்குறைவால், அவர் அறியாமல் நேர்ந்தது. வருந்துகிறோம். ஓசையை நீக்கிய புதிய நாடா ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறோம். பழையதை எறிந்துவிட்டு இதை வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்."

— புது நாடா எங்க?

— இதோ. முழுசாத் துடைச்சுட்டேன். அந்த நிமிஷத்துக்குப் பதிலா நம்ம ஒலிக்கூடத்தோட ஓசையைப் போட்டேன்.

— மூலப் பதிவு?

— அழிச்சாச்சு. அதையும் ஒட்மார்தான் கேட்டார்.

— நீங்க எங்கிட்டச் சொல்லலையே, தோர்ஸ்தைன். அழிக்கப் போறேன்னு.

— சொல்லியிருந்தா நீ வேண்டாம்னிருப்ப, ஆஷில்ட்.

— ...பேனா குடுங்க, ராக்னா.

— இங்க. அவர் பேருக்குக் கீழ. முழுப் பேரா எழுது, கண்ணு. ம். இருபத்தாறு வருஷமா இந்த மேசையில கடிதம் எழுதறேன். உண்மையில்லாததும் எழுதியிருக்கேன், அமைச்சகத்துக்கு, நிர்வாகத்துக்கு. புருஷனை இழந்தவளுக்கு எழுதினது இதுதான் முதல்.

— ராக்னா, போதும்.

— நான் ஒண்ணும் சொல்லலையே. மடிச்சாச்சு. நாடா உள்ள. ஒட்டியாச்சு. முகவரி, தீவு, அஞ்சல் எண். ரெண்டு தபால்தலை, நாடா கனம். "இரண்டு இருபத்தைந்துக்குக் கடிதம் ஒட்டப்பட்டது." இருங்க, கீழ குடுத்துட்டு வந்துடறேன்.

— ...நீ இப்பவாவது அந்தக் கோட்டைக் கழட்டு, ஆஷில்ட்.

— குளிருது எனக்கு.

— தெரியும். எனக்கும்தான்.

— வண்டி வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தது. வண்டிக்காரர் கையில குடுத்தேன். நாலு மணிப் படகுல ஏறிடும், நாளைக்கு மத்தியானம் அந்தம்மா கையில இருக்கும்னார். முடிஞ்சுது. குறிப்பை மூடலாமா?

— மூடுங்க. ஆஷில்ட், இங்க பாரு. நிமிர்ந்து பாரு. இதை வாழ்நாள் பூராத் தூக்கிக்கிட்டுத் திரியாத. நீ யாருக்கும் கெடுதல் நினைக்கல. முழுசாக் கேக்காம அடுக்கிட்ட, அவ்வளவுதான். தெரியாம நடந்தது.

— பேட்டி எடுத்த அன்னைக்கே காருக்குள்ள உக்காந்து முழுசாக் கேட்டேன், தோர்ஸ்தைன். தேர்வுக்குழுவுக்குக் கேக்கக் கூடாது, குன்வோர் ஒருத்தருக்கு மட்டும் கேக்கணும்னு ஒரு ராத்திரி பூரா கொஞ்சங்கொஞ்சமா அந்தக் குரலைக் குறைச்சு வச்சேன். அதிகமாக் குறைச்சுட்டேன்.