நெருப்பு மணி

சண்டை முடிந்த மறுவருடம். கல்லடிப் பாலத்தில் எதிர் வாகனங்களுக்கு வழிவிட்டு எங்கள் பஸ் காத்து நின்றது. முன் இருக்கையில் இரு நண்பர்கள். ஒருவர் கட்டாரிலிருந்து லீவில் வந்தவர். அவர் சொன்னதைக் கேட்டுப் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"ஒபிஸில நெருப்பு மணி அடிச்சிது மச்சான். எல்லாரும் கீழ ஓட, நான் மொட்டைமாடிக்கு ஏறிட்டன்."

"நெருப்பெண்டா கீழதானே போகணும்?"

"சுனாமிக்குப் பிறகு என்ன சத்தம் கேட்டாலும் கால் மேலதான் போகுது."

"மறுகா?"

"அது வெறும் ஒத்திகையாம். மனேஜர் நல்லா ஏசினார்."

"மேல தனியவா நிண்ட?"

"இல்ல. எனக்கு முதலே ஒராள் நிண்டான். பக்கத்து மேசை இந்தோனேசியாக்காரன். அதுவரைக்கும் ஒரு கதையும் கதைச்சதில்ல."

"அவன் என்ன செஞ்சான்?"

"கடல் தெரியிற பக்கத்தில எனக்குக் கொஞ்சம் இடம் விட்டான்."