கடல்கன்னிக்குப் பாடியவள்

நல்ல சித்தரத்தை மாட்டுங்காவில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கிறது. என்னிடம் பாட்டுக் கற்க வருகிறவர்களுக்கு அதில் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். உங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கிறது, இன்ஸ்பெக்டர். கவனித்துக்கொள்ளுங்கள்.

பானுமதி தாராவியிலிருந்து என்னிடம் வந்தபோது சின்னப் பெண். மூக்கால் பாடுவாள். அதை மாற்றியது நான். மூச்சை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதெல்லாம் என்னுடையது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

கால் வேண்டுமென்று குரலை விற்றுவிடும் கடல்கன்னியின் கதையைத் தமிழில் பாட்டுப் படமாக எடுக்கிறார்கள். செம்பூர் ஸ்டூடியோவில் குரல் தேர்வுக்கு அவளை அழைத்துப் போனதே நான்தான். கதாநாயகிக்கு அவள்தான் பாட வேண்டும் என்று இசையமைப்பாளர் மகேஷ்குமார் சொன்னபோது சந்தோஷப்பட்டேன்.

ஒத்திகையில் அவர், "க்ளாஸ்ல படிச்சதெல்லாம் மறந்துட்டுப் பாடும்மா" என்றார்.

அவள் மறந்தாள். அவ்வளவு சுலபமாக மறக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள். "இனிம க்ளாஸுக்கு வர முடியாதுன்னு நெனைக்கேன் டீச்சர். சென்னைக்குக் கூப்பிடுதாவ. அம்மையும் சரின்னுட்டா."

"நன்னா இரு" என்றேன். காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்தேன்.

ரிக்கார்டிங் அன்று கஷாய ஃப்ளாஸ்க்கோடு போனேன். உள்ளே கலந்தது என்னவென்று உங்கள் பரிசோதனைக் கூடம் எழுதியிருக்கும். கண்ணாடிக்கு அப்பால் மகேஷ்குமார் கையசைத்து அவளைக் கூப்பிட்டார். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"வாடை ஒரு மாதிரி இருக்கே, டீச்சர்?"

அந்த நேரத்தில் நான் ஃப்ளாஸ்க்கைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அதை யோசிக்கவும் செய்தேன்.

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். மூச்சைப் பிடிச்சுண்டு முழுங்கிடு."

நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். ஒரு மடக்குதான் குடித்தாள். அதுவே போதுமாக இருந்தது. அவள் கத்தினாள் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லியிருப்பது தவறு. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான்.

உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று பார்த்துத்தான் கலந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறைக்கவும் இல்லை, நீங்கள் வரும்வரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா சண்முகவடிவு என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒங்களை விட்டா எம்பிள்ளைக்கு ஆரு இருக்கா, டீச்சர்?"

உண்மைதானே. இனி அவள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பாட முடியாவிட்டால் என்ன, என்னோடு இருந்து கேட்கலாம். அன்றே கட்டிலருகில் உட்கார்ந்து, அவளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையை மெதுவாகப் பாடினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

பாவம், வலி காதுவரை ஏறியிருந்தது.