முளைப்பாரிக் குலவை

அழகம்மாள்: பேச்ச மாத்தாதடி. நேத்து முளைப்பாரி தூக்குறப்ப ஒன் வாயி தெறந்திருந்துச்சு, நாக்கு ஆடுச்சு… குலவையக் காணமே?

பாண்டிமீனா: மேளம் அடிச்ச அடியில ஒங்களுக்கு என்னத்தக் கேட்டுச்சு மதினி?

அழகம்மாள்: ஒன்னய ஒட்டிக்கிட்டு நின்னவ நானு. தெருவே நம்ம ரெண்டு பேத்த நம்பித்தான நடுவுல நிறுத்துச்சு?

பாண்டிமீனா: தொண்டக்கட்டு. ஐஸ் தின்னேன்.

அழகம்மாள்: நாகமலை ஸ்டாப்புல கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியாந்து, படியில நின்னு மாடு கணக்கா மூச்சு வாங்குனியே… அதுவும் ஐசா?

பாண்டிமீனா: அது திங்கக்கெழம. ஞாயித்துக்கெழம கறி தின்னா மறுநா நெஞ்சடைக்கத்தான் செய்யும்.

அழகம்மாள்: நம்ம கம்பெனி கனகலட்சுமி முட்டையக்கூடத் தொட மாட்டா. அவளுக்கும் லீவு முடிஞ்சு வார திங்கக்கெழமதான் அடைக்குதாம். சாம்பார்ல எலும்பு கெடந்துச்சாக்கும்?

பாண்டிமீனா: சிரிக்க வைக்காதீக… இருமல் வருது.

அழகம்மாள்: நைட்டி தச்சுத் தச்சு ஒன் தலையப் பாரு, பஞ்சுமிட்டாய் கணக்கா. வெளியவே இம்புட்டுப் பஞ்சுன்னா நெஞ்சுக்குள்ள எம்புட்டு கெடக்கோ!

பாண்டிமீனா: ஒங்க தலை மட்டும் என்னவாம்? பக்கத்து மிஷினுதான?

அழகம்மாள்: என்னய விடு. ஒனக்கு மாஸ்க்கு குடுத்தாகல்ல?

பாண்டிமீனா: குடுத்தாக. துணி வாங்குற வெள்ளக்காரன் கம்பெனியப் பாத்துட்டுக் கார்ல ஏறுனதும் திருப்பி வாங்கிட்டாக.

அழகம்மாள்: அதுவுஞ் சரிதான்.

பாண்டிமீனா: மதினி… நாளைக்குக் கம்பெனிக்கு டாக்டர் வாராராம். மூச்சு எம்புட்டு இருக்குன்னு பாக்கக் குழாயில ஊதச் சொல்லுவாகளாம். ஊத முடியாதவள வேலைய விட்டு நிப்பாட்டிருவாகளாம்.

அழகம்மாள்: அதுக்கு?

பாண்டிமீனா: என் பேரக் கூப்புடுறப்ப… நீங்க போயி ஊதிருங்க.

அழகம்மாள்: அடி ஆத்தி! டாக்டரயே ஏமாத்தவா?

பாண்டிமீனா: அவருக்கு நம்ம மூஞ்சியா தெரியும்? எல்லாரும் அதே நீலக்கோட்டு. ஒங்க குலவை கம்மாய்க்கு அக்கரையில கேக்கும். ரெண்டு ஊது ஊதுறதுக்கு ஒங்களுக்கென்ன?

அழகம்மாள்: ரெண்டு ஊதா…

பாண்டிமீனா: என்ன, இழுக்குறீக? முடியாதுங்கிறீகளா?

அழகம்மாள்: ஏண்டி… நேத்து என் குலவை ஒனக்குக் கேட்டுச்சா?

பாண்டிமீனா: எங்க… அந்த மேளத்துல…

அழகம்மாள்: மேளத்தச் சொல்லாத. ஒன் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிரலாம்னு நானும் வெறும் நாக்கத்தாண்டி ஆட்டுனேன். நாளைக்கு எனக்கும் சேத்து நீ ஊதுவியான்னு கேக்கத்தான் இம்புட்டு நேரமா ஒன்னய நோண்டுறேன்.