பின்பக்கத்துச் சுவர்

– மூணாவது தடவையா வரைபடத்தை மாத்தச் சொல்றீங்க, நுமேரியஸ் ஐயா. இந்தத் தடவை என்னால முடியாது.

– கேளு லூக்கோன். ரோமாபுரிக்காரன் ஒருத்தன் இந்த ஊருக்குத் தலைவனா இருக்கிற வரைக்கும் தியானா தேவி கோயில் ரோமாபுரிக் கோயில் மாதிரிதான் நிக்கணும்.

– எங்க பாஷையில அவ பேரு ஆர்ட்டெமிஸ்.

– சரி, ஆர்ட்டெமிஸ். பேருக்காகச் சண்டை வேண்டாம்.

– பேருக்காக இல்லீங்க. நாலு பக்கமும் மூணு மூணு படி போட்டிருக்கேன். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏறலாம், தூணுக்கு உள்ளாற நிழல்லயே சுத்தி நடக்கலாம். நீங்க அதைப் பேத்துட்டு ரெண்டாள் உயரத்துக்கு மேடை கட்டச் சொல்றீங்க. படி முன்னாடி மட்டும்.

– கோயில்னா அதுக்கு ஒரு முகம் வேணும். ஜனங்க சதுக்கத்துல நிப்பாங்க, பூசாரி மேல நிப்பார். எல்லாரும் ஒரே பக்கம் பாக்கணும்.

– நில நடுக்கத்துல விழுந்த பழைய கோயில்ல, என் வீட்டுக்காரி பிள்ளை பெறுறதுக்கு முதல் நாள், ஒவ்வொரு தூணா கை வச்சுக்கிட்டே சுத்தி வந்தா. உங்க கோயில்ல அவ எதைத் தொடுவா?

– தூணை நான் வேண்டாம்னு சொல்லலையே. முன்னாடி பத்து தனியா நிக்கட்டும். மத்த இருபதையும் சுவரோட ஒட்டிப் பாதித் தூணாச் செதுக்கு.

– பாதித் தூணு எதைத் தாங்கும்?

– ஒண்ணையும் தாங்காது. பாக்க நல்லாருக்கும்.

– பதினாறு மாசம், ஐயா. கல் தச்சன் ஹெர்மியாஸ் ரெண்டு விரலைப் பறிகொடுத்துச் செதுக்கின தூணுங்க அதெல்லாம். அதை ரெண்டா அறுன்னு நான் அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்? காலையிலேயே உளியைக் கீழ வச்சிட்டான். ரோமாபுரிக்காரனுக்குக் கல்லும் ஒண்ணுதான், களிமண்ணும் ஒண்ணுதான்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். நான் மறுத்துப் பேசல.

– சொல்லட்டும்.

– பின்னாடி ஒரு கதவு, ஒரு படி, ஒரு தூணு கூட வேண்டாமா?

– வேண்டாம். மொட்டைச் சுவர். இருக்கிற வீடுங்களை ஒட்டினாப்பல.

– அப்ப வேற ஆளைப் பாருங்க. என் பேரு இதுல வேண்டாம்.

– உக்காரு. கல் தச்சருங்க சாப்பிடப் போயிட்டாங்களா?

– போயாச்சு. ஏன்?

– அவங்க காதுல விழக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் முட்டாள் மாதிரி பேசிக்கிட்டிருந்தேன். போன மாசம் ஆளுநர் வந்தப்ப உன் வரைபடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தார். இவ்வளவு அழகா அவர் பாத்ததே இல்லையாம்.

– பிடிச்சிருக்குன்னா அப்புறம் என்ன தடை?

– பிடிச்சதுதான் தடை. நாலு பக்கமும் தள்ளி நின்னு பாக்க இடம் வேணுமாம். பின்னாடி இருக்கிற குயவர் தெருவை இடிச்சுத் தரைமட்டமாக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. முப்பத்தோரு வீடு, அத்தனையும் உங்க ஜனங்க. நான் மறுத்தேன்னு தெரிஞ்சா என் பதவி போகும், தெருவும் போகும்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– இப்பச் சொல்றேன். பின்னாடி வந்து பாக்க அங்க ஒண்ணுமே இல்லைன்னு நான் அவருக்கு எழுதணும், லூக்கோன். அதை உண்மையாக்க உன்னால மட்டும்தான் முடியும்.