மல்லிக்குத் தூவிய கந்தகம்

— லென்ஸை இங்கன கொடு ஆவுடை. நீ பாத்தது போதும்.

— இருங்க... ஓடுறான். இந்தா, நரம்போரமா ஒரே ஓட்டமா ஓடுறான்.

— எவன்? நல்லவனா, கெட்டவனா?

— நல்லவன்தான். கெட்ட சிலந்திப்பேன் ஒரே இடத்துல உக்காந்து இலையை உறிஞ்சிக்கிட்டுக் கெடப்பான், சோம்பேறி. இவன் நிக்க மாட்டான். அவனைத் தேடித் தேடித் திம்பான்.

— கொடு பாப்போம்... அடேயப்பா. கண்ணுக்கே தெரியாத பயலுக்கு எம்புட்டு வேகம்.

— கெட்டவன் ஒண்ணாச்சும் தட்டுப்படுதா?

— தேடுறேன்... தோலுதான் கெடக்கு. ஆளைக் காணோம்.

— போன மாசம் செடி பூரா நூலாம்படையா மூடிக் கெடந்துச்சு. இலையெல்லாம் வெளிறி, செவந்து... இப்ப இந்தக் கொழுந்தைப் பாருங்க. மொட்டைப் பாருங்க.

— விருதுநகர் வத்தக்கடை பாய் மகளுக்கு மொதப் பூவுல ஒரு பந்து கட்டிக் கொடுத்துரணும். மதுரையில பூச்சிப் படிப்புப் படிச்சாலும் படிச்சுது, அவரைச்செடி இலையில நாலு சிலந்தியை வச்சுக் கொடுத்து...

— நாலா? மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த இலையைச் செடிக்குச் செடி செருகுனது யாரு?

— நீதான். இல்லைன்னு யாரு சொன்னா?

— பாய் மக ஷிபானாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே கூப்பிட்டுச்சு. கொழுந்து வந்துருச்சுன்னதும் அதுக்கு அழுகையே வந்துருச்சு.

— ஒனக்கு வரலையா?

— வந்துச்சு... உங்கண்ணன் பேசுன பேச்சுக்குத்தான். சிலந்தியை விட்டுச் சிலந்தியைப் பிடிக்கப் போறியாக்கும்னு கேட்டாக. மொட்டு விடலைன்னா பூராத்தையும் பிடுங்கிட்டு, பட்டாசுப் பெட்டி அடுக்கக் கொட்டகை போட்டுருவேன்னாக. நான் குடம் குடமாச் சொமந்து ஊத்தி வளத்த செடி.

— அதான் நேத்தே வந்து சொல்லிட்டாகளே, பிடுங்க வேண்டாம்னு. நீ ஜெயிச்சுட்ட ஆவுடை.

— நான் எங்க ஜெயிச்சேன்? ஆனைக்குட்டம் ஊரு பூரா வேற கதையால்ல ஓடுது. “என் தம்பி காளிராஜு தூவுன கந்தகம்தான் சிலந்தியைக் கொன்னுச்சு”ன்னு டீக்கடையில உக்காந்து அளக்காகளாம்.

— நான் தூவுனது நெசந்தான.

— கந்தகம் பட்டா நல்லவனும் சேந்து செத்துருவான்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. உங்ககிட்டயும் சொன்னேன். கேட்டீகளா?

— அண்ணன் பையோட வாங்கியாந்து கையில திணிச்சாக. நம்ம பக்கத்துல எதுக்குத்தான் கந்தகத்தைத் தேடல? பட்டாசுக் கம்பெனியில நாள் பூரா அதைச் சலிக்கிறவன் நான். என் வாயால எப்பிடி வேண்டாம்னு சொல்ல?

— சொல்லியிருக்கலாம்.

— சரி, இன்னொண்ணு கேளு. மதியம் இன்னொரு பை கொண்டாராக. மறுக்காவும் தூவணுமாம்.

— மறுக்காவா? வேண்டாங்க. இம்புட்டும் பாழாப் போயிரும்.

— ஏன் பதறுற? போன தடவை தூவித்தான மொட்டு விட்டுருக்கு...

— நீங்க தூவுனது கந்தகமே இல்லை.

— என்னது?

— நீங்க குளிக்கப் போயிருந்தீக. பையில இருந்ததைத் தொழுவத்துல ஒளிச்சுட்டு, கடலைமாவைக் கொட்டிக் கட்டி வச்சுட்டேன். ரெண்டும் ஒரே நெறந்தான... கோவமா? திட்டணும்னா திட்டிருங்க. செடியைச் சாக விட எனக்கு மனசு வரல.

— அதான் அன்னிக்குச் சாயந்தரம் பஜ்ஜி கேட்டதுக்கு மாவு இல்லைன்னியா?

— என்ன... சிரிக்கீக?

— கந்தகம்னா கண்ணு கரிக்கும், தொண்டை எரியும். அன்னிக்கு எனக்கு நாக்குல எச்சி ஊறுச்சு ஆவுடை.

— அப்ப... தெரிஞ்சேதான் தூவுனீகளா? துண்டை மூக்குல கட்டிக்கிட்டு, உசுரு போற மாதிரி இருமுனீகளே. மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நான் வெந்துபோனேன். கடலைமாவுக்கு எதுக்கு அம்புட்டு இருமல்?

— அண்ணன் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாகள்ல. நான் இருமலைன்னா, அவுகளே போயி நெசக் கந்தகத்தை அள்ளியாந்து வீசியிருப்பாக. ஒன் பயலுக அன்னிக்கே செத்துருப்பானுக. போ... மதியம் பையை இறக்குனதும் அவுகளை நான் டீக்குடிக்கக் கூட்டிட்டுப் போயிருறேன், நீ மாத்தி வச்சுரு. இந்தத் தடவை பஜ்ஜிக்கு ஒரு கை மாவு மிச்சம் வையி.